அலகில்லா எண் அரை விடை

"கடைக்குப் போய் சீனி இரண்டு வாங்கி வா" என்று உம்மா சொன்னால், நாம் உடனே கேட்கும் கேள்வி என்ன? "இரண்டு என்ன உம்மா? இரண்டு கிலோவா, இரண்டு பக்கற்றா?" என்பதுதான். சின்னத் தங்கச்சிகூட இந்தக் கேள்வியைக் கேட்காமல் வாசற்படியைத் தாண்ட மாட்டாள். ஆனால் விஞ்ஞான வினாத்தாளில் "விடை = 25" என்று மட்டும் எழுதி அடுத்த வினாவுக்குப் போய்விடும் மாணவிகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். 25 என்ன? மீற்றரா, செக்கனா, நியூற்றனா? ஆசிரியர் அரைப் புள்ளியைக் குறைத்தால், "கணக்குச் சரிதானே" என்று மனம் வருந்துகிறார்கள்.

அந்த அரைப் புள்ளி வெறும் கண்டிப்புக்காகக் குறைக்கப்படுவதன்று. அலகில்லாத எண் அரை விடைதான். சில வேளைகளில் அது ஆபத்தான விடையும்கூட. அது ஏன் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

பௌதிகக் கணியம் என்றால் என்ன?

அளந்து, ஓர் எண்ணாலும் ஓர் அலகாலும் சொல்லக்கூடியதைப் பௌதிகக் கணியம் என்கிறோம். உம்மாவின் பாசத்தையோ, ஆசிரியையின் பொறுமையையோ அளக்க எந்தக் கருவியும் இல்லை. எனவே அவை பௌதிகக் கணியங்கள் அல்ல. மேசையின் நீளம், பாண் துண்டின் திணிவு, பாடவேளையின் நேரம் ஆகியவற்றை அளக்கலாம்.

"இந்த மேசையின் நீளம் 2 மீற்றர்" என்ற வாக்கியத்தில் மூன்று விடயங்கள் உள்ளன. அளக்கப்பட்ட கணியம் நீளம். எண் 2. அலகு மீற்றர். அதாவது, மீற்றர் என்று உலகம் ஒப்புக்கொண்ட ஒரு நீளம் இந்த மேசையில் இரண்டு தடவை அடங்குகிறது. ஆகவே அளத்தல் என்பது ஒப்பிடுதல். எதனோடு ஒப்பிட்டோம் என்று சொல்லாவிட்டால் எத்தனை தடவை என்று சொல்வதில் பயனில்லை.

இன்று உலகெங்கும் பயன்படும் சர்வதேச அலகு முறையில் அடிப்படைக் கணியங்கள் ஏழு உள்ளன:

நீளம் – மீற்றர்
திணிவு – கிலோகிராம்
நேரம் – செக்கன்
மின்னோட்டம் – அம்பியர்
வெப்பநிலை – கெல்வின்
பதார்த்தத்தின் அளவு – மூல்
ஒளிச்செறிவு – கண்டெலா

மற்றைய கணியங்கள் எல்லாம் இவற்றிலிருந்து பெறப்படுகின்றன. நீளத்தை நீளத்தால் பெருக்கினால் பரப்பளவு. அதன் அலகு சதுர மீற்றர். தூரத்தை நேரத்தால் வகுத்தால் கதி. அதன் அலகு செக்கனுக்கு மீற்றர். திணிவைக் கனவளவால் வகுத்தால் அடர்த்தி. அதன் அலகு கன மீற்றருக்குக் கிலோகிராம். 28 எழுத்துகளையும் 31 எழுத்துகளையும் கொண்டு அரபியிலும் தமிழிலும் எண்ணற்ற சொற்களை ஆக்குவதுபோல, ஏழு அலகுகளைக் கொண்டு பௌதிகவியல் தன் முழு மொழியையும் ஆக்கிக்கொள்கிறது.

முழத்திலிருந்து மீற்றர் வரை

நம் மூத்தவர்கள் சாணாலும் முழத்தாலும் அளந்தார்கள். அளவுகோலைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. கை எப்போதும் கூடவே இருந்தது. ஆனால் உம்மம்மாவின் முழமும் வாப்பாவின் முழமும் ஒன்றல்லவே! வாங்குபவர் நெடியவராகவும் விற்பவர் குட்டையானவராகவும் இருந்தால் சண்டைதான்.

இந்தச் சிக்கல் சந்தையோடு நின்றுவிடவில்லை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பேரறிஞர் அல்-பிறூனி, இன்றைய பாகிஸ்தானிலுள்ள நந்தனா கோட்டைக்கு அருகே ஒரு மலையின் உயரத்தை அளந்தார். பின் அம்மலையுச்சியில் நின்று, அடிவானம் கிடைமட்டத்திலிருந்து எவ்வளவு கோணம் தாழ்ந்து தெரிகிறது என்பதையும் அளந்தார். இவ்விரண்டையும் கொண்டு பூமியின் ஆரையைக் கணித்தார். வியக்கத்தக்க முறை அது. ஆனால் அவர் தம் விடையை முழக் கணக்கிலேயே எழுதினார். அதனால் அவர் உண்மையான அளவுக்கு எவ்வளவு அருகில் வந்தார் என்பதை இன்று சொல்ல வேண்டுமானால், அவருடைய முழம் எத்தனை சதம மீற்றர் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. எண் பத்திரமாக வந்து சேர்ந்தது. அலகுதான் வழியில் மங்கிவிட்டது.

ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் மாறாத ஓர் அளவை உருவாக்கும் முயற்சி 1790களில் பிரான்சில் தொடங்கியது. வட துருவத்திலிருந்து பாரிஸ் ஊடாகப் பூமத்திய கோடு வரையுள்ள தூரத்தின் ஒரு கோடியில் ஒரு பங்கை ஒரு மீற்றர் என்று வகுத்தார்கள். 1875ஆம் ஆண்டு மே 20ஆம் திகதி 17 நாடுகள் பாரிஸில் மீற்றர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. அதனால்தான் மே 20 உலக அளவியல் தினமாகக் கொண்டாடப்படுகிறது. 1960இல் இம்முறை சர்வதேச அலகு முறை என்ற பெயரைப் பெற்றது.

கிலோகிராமின் கதை இன்னும் சுவையானது. 1889 முதல், பாரிஸ் நகருக்கு அருகிலுள்ள செவ்ரே என்னுமிடத்தில் பூட்டிப் பாதுகாக்கப்பட்ட ஒரு பிளாற்றினம்–இரிடியம் உருளைதான் உலகத்தின் கிலோகிராம். நம் ஊர்ச் சந்தையின் படிக்கல்லுக்கும் அதுதான் மூதாதை. ஆனால் அதன் பிரதிகளோடு ஒப்பிட்டபோது, அவற்றுக்கிடையே மிக மிகச் சிறிய வேறுபாடு ஏற்பட்டு வருவது தெரிந்தது. அளவுகோலே மாறினால் எதைக் கொண்டு அளப்பது? எனவே 2019 மே 20 முதல் கிலோகிராம் எந்தப் பொருளையும் நம்பியிருக்கவில்லை. பிளாங்கின் மாறிலி என்னும் இயற்கையின் மாறா எண்ணைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது. மீற்றரும் அப்படித்தான். வெற்றிடத்தில் ஒளி 1 செக்கனின் 29,97,92,458இல் ஒரு பங்கு நேரத்தில் செல்லும் தூரமே இன்றைய மீற்றர்.

திணிவும் நிறையும்

"என்ர நிறை 45 கிலோ" என்று பேச்சில் சொல்கிறோம். பேச்சில் அது வழக்கம். விஞ்ஞானத்தில் அது தவறு. ஒரு பொருளிலுள்ள சடப்பொருளின் அளவே திணிவு. அதன் அலகு கிலோகிராம். அப்பொருளைப் பூமி தன்னை நோக்கி இழுக்கும் விசையே நிறை. நிறை ஒரு விசை ஆதலால் அதன் அலகு நியூற்றன்.

பூமியில் 1 கிலோகிராம் திணிவின் நிறை ஏறத்தாழ 9.8 நியூற்றன். எனவே 45 கிலோகிராம் திணிவுள்ள மாணவியின் நிறை ஏறத்தாழ 441 நியூற்றன். அவர் சந்திரனுக்குப் போனால் அங்கு ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு மட்டுமே; நிறை ஏறத்தாழ 74 நியூற்றனாகக் குறையும். திணிவோ அதே 45 கிலோகிராம். உடல் மெலியவில்லை, இழுக்கும் கைதான் தளர்ந்திருக்கிறது.

சுண்டும் கிலோவும்

நம் வீடுகளில் சோற்றுக்கு அரிசி இன்றும் சுண்டால் அளக்கப்படுகிறது. கடையில் அதே அரிசி கிலோவில் விற்கப்படுகிறது. சுண்டு அளப்பது கனவளவை, அதாவது இடத்தை. தராசு அளப்பது திணிவை. இரண்டும் வெவ்வேறு கணியங்கள். ஒன்றை மற்றதாக மாற்ற வேண்டுமானால் நடுவே அடர்த்தி என்னும் பாலம் வேண்டும்.

ஸதகத்துல் பித்ர் கொடுக்கும் காலத்தில் இவ்வேறுபாட்டை நேரில் காணலாம். ஸாஃ என்பது கொள்ளளவைக் குறிக்கும் பழைய முகத்தல் அளவு. ஒரு ஸாஃ பேரீச்சம்பழமும் ஒரு ஸாஃ கோதுமையும் ஒரு ஸாஃ அரிசியும் ஒரே பாத்திரத்தை நிரப்பும்; ஆனால் தராசில் ஒன்றுபோல் நிற்கா. ஸாஃவைக் கிலோவில் சொல்லும்போது கணக்குகள் வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சமையலறையிலிருந்து இன்னோர் உதாரணம். தேங்காயெண்ணெயை ஒரு கடையில் லீற்றரிலும் மற்றக் கடையில் கிலோவிலும் ஒரே விலைக்கு விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எங்கே வாங்குவது இலாபம்? ஒரு லீற்றர் தேங்காயெண்ணெயின் திணிவு ஏறத்தாழ 920 கிராம் மட்டுமே. அப்படியானால் ஒரு கிலோகிராம் எண்ணெய் ஏறத்தாழ 1,090 மில்லிலீற்றர் வரும். கிலோவில் வாங்குபவருக்கே கூடுதலான எண்ணெய் கிடைக்கும். அலகைப் பார்க்காமல் விலையை மட்டும் பார்த்தவர் இதை அறியவே மாட்டார்.

வானத்தில் தீர்ந்த எரிபொருள்

பாணை நாம் இன்றும் இறாத்தல் கணக்கில்தான் கேட்கிறோம். ஓர் இறாத்தல் என்பது ஏறத்தாழ 454 கிராம். ஒரு கிலோகிராமில் பாதிக்கும் குறைவு. இந்த இறாத்தலையும் கிலோகிராமையும் மாற்றிக்கொண்டதால் ஒரு விமானமே விழப் பார்த்த உண்மைச் சம்பவம் ஒன்று உண்டு.

1983 ஜூலை 23ஆம் திகதி, எயார் கனடா நிறுவனத்தின் போயிங் 767 விமானம் ஒன்று மொன்றியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டன் நகருக்குப் புறப்படத் தயாரானது. அதன் எரிபொருள்மானி பழுதாகியிருந்ததால், தாங்கியிலுள்ள எரிபொருளைக் கோலிட்டு அளந்தார்கள். 7,682 லீற்றர் இருந்தது. பயணத்துக்குத் தேவையானது 22,300 கிலோகிராம். லீற்றரைக் கிலோகிராமாக மாற்ற வேண்டும். அவ்விமானம் மீற்றர் முறைக்கு மாறிய புதிய வகை. அந்நிறுவனத்தின் பழைய விமானங்களோ இறாத்தல் கணக்கில் ஓடியவை. கணக்குப் பார்த்தவர்கள் பழக்கத்தில் 1.77 என்ற எண்ணைப் பயன்படுத்தினார்கள். அது ஒரு லீற்றர் எரிபொருள் எத்தனை இறாத்தல் என்பதைக் காட்டும் எண். கிலோகிராமுக்கு உரிய எண் 0.803.

அவர்களுடைய கணக்கைப் படிப்படியாகப் பாருங்கள்:

7,682 × 1.77 = 13,597
22,300 – 13,597 = 8,703
8,703 ÷ 1.77 = 4,917 லீற்றர்

எனவே 4,917 லீற்றர் நிரப்பினார்கள். பெருக்கலும் கழித்தலும் வகுத்தலும் எல்லாம் சரி. இப்போது சரியான எண்ணைக் கொண்டு நீங்களே செய்து பாருங்கள்:

7,682 × 0.803 = 6,169 கிலோகிராம்
22,300 – 6,169 = 16,131 கிலோகிராம்
16,131 ÷ 0.803 = 20,088 லீற்றர்

நிரப்ப வேண்டியது 20,088 லீற்றர். நிரப்பியது அதில் நான்கில் ஒரு பங்கு. 69 பேருடன் விமானம் ஏறத்தாழ 12,500 மீற்றர் உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது எரிபொருள் தீரத் தொடங்கியது. சிறிது நேரத்தில் இரு இயந்திரங்களும் நின்றுபோயின. மிதவை விமானம் ஓட்டிப் பழகியிருந்த விமானி, இயந்திரமில்லாமலேயே அதைக் காற்றில் வழுக்கிச் செலுத்தி, கிம்லி என்னுமிடத்திலிருந்த கைவிடப்பட்ட ஓடுபாதையில் இறக்கினார். சிலருக்குச் சிறு காயங்கள் ஏற்பட்டன; உயிரிழப்பு இல்லை.

முதலாவது கணக்கின் ஒவ்வொரு வரியிலும் எண்ணின் பக்கத்தில் அலகை எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும்? 22,300 கிலோகிராமிலிருந்து 13,597 இறாத்தலைக் கழிக்கும் வரி வந்தவுடனேயே கை நின்றிருக்கும். வெவ்வேறு அலகுகளைக் கழிக்க முடியாது என்பது நம் எட்டாம் வகுப்பு மாணவிக்கும் தெரியும். ஆனால் அந்த வரியில் எண்கள் மட்டுமே இருந்தன.

மருந்துப் போத்தலும் கரண்டியும்

விமானம் தூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். இது வீட்டுக் கதை. பெற்றோரும் கவனிக்க வேண்டியது.

குழந்தைகளுக்கான பாணி மருந்தில் "ஒரு தேக்கரண்டி" என்றால் அது 5 மில்லிலீற்றர். மேசைக்கரண்டி என்றால் 15 மில்லிலீற்றர். ஒன்றுக்குப் பதிலாக மற்றதை எடுத்தால் மருந்து மூன்று மடங்காகிவிடும். வீட்டிலுள்ள தேக்கரண்டிகளும் ஒரே அளவானவை அல்ல. உங்கள் வீட்டுக் கரண்டியில் தண்ணீரை நிரப்பி, மருந்துக்குரிய ஊசியில்லாச் சிரிஞ்சினால் உறிஞ்சி அளந்து பாருங்கள். ஒரே இழுப்பறையிலுள்ள இரண்டு கரண்டிகள்கூட இரண்டு விடைகளைத் தரலாம். மருந்தோடு தரப்படும் அளவுக் குவளையையோ சிரிஞ்சையோதான் பயன்படுத்த வேண்டும் என்று வைத்தியர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. காய்ச்சலுக்குக் கொடுக்கும் பரசிற்றமோல் பாணியில், 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் மருந்து உள்ள போத்தலும் உண்டு. 250 மில்லிகிராம் உள்ள போத்தலும் உண்டு. இரண்டிலும் பெயர் ஒன்றே. "போன முறை ஒரு கரண்டி கொடுத்தோம், இம்முறையும் ஒரு கரண்டி" என்று போத்தலைப் பார்க்காமல் கொடுத்தால், பிள்ளைக்குச் சேரும் மருந்து இரண்டு மடங்குக்கும் அதிகமாகலாம். மில்லிலீற்றர் பாணியின் கனவளவைச் சொல்கிறது. மில்லிகிராம் அதிலுள்ள மருந்தின் திணிவைச் சொல்கிறது. உம்மா சமையலில் இருக்கும்போது போத்தலின் சிறிய எழுத்துகளை வாசித்துச் சொல்லக்கூடிய மகள், விஞ்ஞானப் பாடத்தை நன்றாகக் கற்றவள்.

எவ்வளவு நுட்பமாக அளக்கலாம்?

ஒரு கருவியால் அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவை அதன் இழிவெண்ணிக்கை என்கிறோம். சாதாரண அளவுகோலின் இழிவெண்ணிக்கை 1 மில்லிமீற்றர். பாடசாலை ஆய்வுகூடத்து வேணியர் இடுக்கிமானியில் அது பெரும்பாலும் 0.1 மில்லிமீற்றர். நுண்மானித் திருகுக் கணிச்சியில் 0.01 மில்லிமீற்றர். மேசையை அளக்க நுண்மானியும் தேவையில்லை. மெல்லிய கம்பியின் விட்டத்தை அளக்க அளவுகோலும் போதாது.

அளக்கும்போது இரண்டு வழுக்களைத் தவிர்க்கப் பழகுங்கள். கருவி எதையும் அளக்காதபோதே பூச்சியத்தைக் காட்டாவிட்டால் அது பூச்சிய வழு. வெறுந்தட்டிலேயே 20 கிராம் காட்டும் தராசு, அதில் நிறுக்கும் ஒவ்வொரு பொருளிலும் 20 கிராமைக் கூட்டிக் காட்டும். கண்ணைச் சரிவாக வைத்து வாசித்தால் வருவது இடமாறு தோற்ற வழு. அளவுச்சாடியில் நீர்மட்டத்தை வாசிக்கும்போது குனிந்து, கண்ணை அம்மட்டத்துக்கு நேராகக் கொண்டுவர வேண்டும்.

கருவி பெரிதாக இல்லாவிட்டாலும் யுக்தி இருந்தால் போதும். ஒரு தாளின் தடிப்பை அளவுகோலால் அளக்க முடியுமா? ஒரு தாளை அளக்க முடியாது. நூறு தாள்களை அளக்கலாம். 200 பக்கங்கள் உள்ள ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்து, அட்டைகளை விலக்கி, தாள்களை இறுக்கிப் பிடித்துத் தடிப்பை அளவுங்கள். 200 பக்கங்கள் என்றால் 100 தாள்கள் என்பதை மறக்க வேண்டாம். மொத்தத் தடிப்பு 9 மில்லிமீற்றர் என்றால் ஒரு தாளின் தடிப்பு 0.09 மில்லிமீற்றர். வெவ்வேறு இடங்களில் மூன்று தடவை அளந்து சராசரி எடுத்தால் விடை இன்னும் நம்பத்தக்கதாகும்.

விடைத்தாளைக் கொடுக்குமுன்

ஒரு வாகனம் மணிக்கு 60 கிலோமீற்றர் கதியில் 30 நிமிடங்கள் ஓடினால் சென்ற தூரம் என்ன? 60ஐயும் 30ஐயும் பெருக்கி 1,800 கிலோமீற்றர் என்று எழுதுபவர்கள் உண்டு. நம் இலங்கைத் தீவின் முழு நீளமே ஏறத்தாழ 430 கிலோமீற்றர்தான். அந்த வாகனம் அரைமணி நேரத்தில் நாட்டை நான்கு தடவைக்கு மேல் கடந்திருக்கும்! கதி மணிக்கணக்கில் இருக்கிறது, நேரம் நிமிடத்தில் இருக்கிறது. 30 நிமிடத்தை 0.5 மணியாக மாற்றினால் விடை 30 கிலோமீற்றர்.

குறியீடுகளிலும் கவனம் வேண்டும். ஆங்கிலத்தின் சிறிய "எம்" அலகின் முன்னே வந்தால் மில்லி, பெரிய "எம்" வந்தால் மெகா. இரண்டுக்கும் இடையே நூறு கோடி மடங்கு வேறுபாடு. எழுத்தைப் பெரிதாக்குவது சின்ன விடயமாகத் தோன்றலாம். தொகையோ மலைக்கும் மணலுக்கும் உள்ள வித்தியாசம்.

எனவே மாணவிகளே, கணக்கின் இறுதி வரியில் மட்டுமன்றி ஒவ்வொரு வரியிலும் அலகை எழுதுங்கள். கூட்டுவதற்கும் கழிப்பதற்கும் முன் அலகுகள் ஒன்றா என்று பாருங்கள். விடை வந்ததும், இது நடக்கக்கூடியதா என்று ஒரு கணம் யோசியுங்கள். வீட்டில் தராசும் அளவுநாடாவும் மருந்துச் சிரிஞ்சும் இருந்தால், அவை ஒவ்வொன்றும் எந்தக் கணியத்தை எந்த அலகில் அளக்கின்றன, அவற்றின் இழிவெண்ணிக்கை என்ன என்று இன்றைக்கே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பாடப்புத்தகத்தின் முதல் அலகு அதற்குப் பிறகு மனனம் செய்ய வேண்டிய பாடமாக இராது.